தோட்டத்து மூலையில் ஒரு வேலைக் காம்பரா



எழுத, படம் வரைய, தைக்க, பாட்டுப் பதிவு செய்ய என்று வீட்டுத் தோட்டத்தில் தனியாக ஒரு சின்ன அறை கட்டிக்கொள்வது எப்படி? இன்றைக்கு இதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஹட்டனில் வீட்டு வரைபடம் வரைந்து கொடுக்கிறவன். முந்தியெல்லாம் குசினியை நீட்டுவது, கடையின் முன்பக்கத்தை மாற்றுவது, இதுதான் என் மேசைக்கு வரும். இப்போது, "சேர், எனக்கு ஒரு வேலை ரூம் வேணும், சின்னதா இருந்தாப் போதும்" என்று இளம் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள்.

இதைக் கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயத்துக் காம்பரா ஒன்று பத்துக்குப் பன்னிரண்டு அடி. சமையல், படுக்கை, பிரசவம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதற்குள்தான். மிஞ்சினால் இஸ்தோப்பு என்கிற முன் திண்ணை. மடக்கொம்பரையில் பிறந்த கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை நம் நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டினாரே, அந்தப் பாடல்களைப் பாடியவர்களுக்கு உட்கார்ந்து பாட ஓர் அறை இருந்ததில்லை. கொழுந்து மலையிலும் பீலிக்கரையிலும் பாடினார்கள். இன்றைக்கு அவர்களின் பேரப்பிள்ளை ஒருவர், ஒரு காம்பரா அளவு இடத்தைத் தன் ஒருவரின் வேலைக்கென்று கேட்கிறார். கேட்கட்டும்.

இடம் இருக்கிறதா? புது வீட்டுத் திட்டங்களில் பலருக்குக் கிடைத்தது 7 பேர்ச். கணக்குப் பார்த்தால் 1,905 சதுர அடி. வீடு 550 சதுர அடி. மீதி சுமார் 1,350 சதுர அடியில் படிக்கட்டு, மலசலகூடக் குழி, கோவாப் பாத்தி, லீக்ஸ் பாத்தி எல்லாம் போனாலும், மூலையில் எட்டுக்குப் பத்து அடி ஒதுக்கலாம். ஒரு மேசை, ஒரு அலுமாரி, எழுந்து நாலு எட்டு நடக்க இடம். அதற்கு மேல் கேட்கிறவர்களிடம், "அங்கே என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்பேன். பாதிப் பேர் கடைசியில் ஒரு கட்டிலைப் போட்டுவிடுகிறார்கள்!

முறைப்படி அத்திவாரத்தில் தொடங்க வேண்டும். நான் வெளிச்சத்தில் தொடங்குகிறேன். எனக்குப் பிடித்தது அதுதான்.

தலவாக்கலையில் ஒரு ஓவிய ஆசிரியை. வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, "ஜன்னல் வடக்கே இருக்கணும், வடக்கு வெளிச்சத்தில் வெயில் விழாது" என்றார். ஐரோப்பாவில் அது சரி. அங்கே நடுப்பகல் சூரியன் வருசம் முழுக்கத் தெற்கே நிற்கும். நாம் பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கே, கிட்டத்தட்ட அதன் மடியிலேயே இருக்கிறோம். ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, பிறகு வடக்கே சாய்ந்து, செப்டெம்பரில்தான் தெற்கே திரும்பும். அந்த ஐந்து மாதமும் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் வெயில் எட்டிப்பார்க்கும். நடுப்பகல் வெயிலைக் கூரையை 2 அடி வெளியே நீட்டித் தடுத்துவிடலாம். அதே மாதங்களில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவ மழை மேகம் வேறு மூடிக்கிடக்கும். ஆக, அந்த அம்மா கேட்ட வடக்கு ஜன்னல் நம் ஊரிலும் உதவும், காரணம்தான் வேறு.

நுவரெலியாப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மார்கழி, தையில் புல்லில் உறைபனி பூக்கிற ஊர் அது. அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்தால், விரல் விறைக்கும் காலத்தில் இளவெயில் மேசைக்கு வரும். மலையில் காலை பெரும்பாலும் தெளிவாக இருக்கும், பின்னேரம் மூட்டம் இறங்கும். அதனால் விடிய எழுந்து வேலை செய்கிறவருக்குக் கிழக்கு ஜன்னல் நல்லது. இராத்திரி வேலைக்காரருக்கு ஜன்னல் எங்கே இருந்தால் என்ன, நல்ல பல்ப் போதும்.

படம் வரைவதற்கு முன்னே நான் ஒரு வேலை சொல்வேன். ஒரு ஸ்டூலையும் வெள்ளைக் கடதாசி ஒன்றையும் எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போங்கள். காலையில், நடுப்பகலில், நாலு மணிக்கு உட்கார்ந்து பாருங்கள். கடதாசி எப்போது கண்ணைக் கூசவைக்கிறது, எந்தப் பக்கக் காற்று அதைப் பறிக்கிறது என்று தெரிந்துவிடும். செலவில்லை. பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

வெளிச்சத்துக்கு இன்னும் நல்ல பாடம் வேண்டுமென்றால் நம் தேயிலை ஃபெக்டரிகளை நிமிர்ந்து பாருங்கள். கொழுந்து வாட்டுவதற்குக் காற்று வேண்டும் என்று மேல்மாடிகளில் வரிசை வரிசையாக ஜன்னல் வைத்தார்கள். கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் ஃபெக்டரி ஹோட்டலாகிவிட்டது, அங்கே இன்றும் அந்த வரிசை தெரியும். ஒரே பெரிய கண்ணாடியைவிட, ஒட்டி ஒட்டி வைத்த சின்ன ஜன்னல்கள் நல்லவை என்பது என் கட்சி. காற்று அடிக்கிற பக்கத்தை மூடி, மற்றதைத் திறக்கலாம்.

இங்கிலாந்தில் எழுத்தாளர் பெர்னாட் ஷா தன் தோட்டத்தில் சுழலும் குடில் ஒன்று வைத்திருந்தார். வெயில் நகர நகர, குடிலைத் தள்ளித் திருப்பிக்கொள்வார். நம் மலையில் அப்படிச் செய்தால் மூடுபனியைத் துரத்திக்கொண்டு சுற்ற வேண்டியதுதான். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் வாங்கிக் கடைசிவரை செதுக்கிக்கொண்டிருந்த லுணுகங்கைத் தோட்டத்தின் படங்களையும் சிலர் கொண்டுவருவார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பெந்தோட்டை வெக்கைக்கு ஏற்ற திறப்பு. லிந்துலையில் அப்படிச் சுவரைத் திறந்தால் பின்னேரம் பனி உள்ளே வந்து மேசையில் உட்காரும்.

நேரம் ஓடுகிறது. சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். பொகவந்தலாவையில் பாட்டுப் பதிவு செய்கிற தம்பி ஒருவர். தகரக் கூரை. ஆடி மழை விழுந்தால் மைக்கில் மழை மட்டும்தான் பாடும். தகரத்துக்குக் கீழே இடைவெளி விட்டுப் பலகைச் சீலிங் அடித்து, அந்த இடைவெளியில் பஞ்சுப் பாய் விரித்தோம். மழை அடங்கிய குரலுக்கு வந்தது, முற்றாக நிற்கவில்லை. அவரோ சுவரெல்லாம் ஸ்பொஞ்ச் ஒட்டி, காற்றுத் துவாரத்தையும் அடைக்கச் சொன்னார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. நம் ஈரத்தில் அடைத்த அறைக்குள் பூஞ்சணம் பிடிக்கும், ஸ்பொஞ்சிலும் கெமரா லென்சிலும் புத்தக முதுகிலும். அலுமாரியைச் சுவரில் ஒட்டாமல் ஒரு கை இடைவெளி விடுங்கள். தரையை மண்ணிலிருந்து உயர்த்துங்கள்.

இனிச் சொல்லப்போவதை அவசரமாகச் சொல்ல மாட்டேன். மூலையில் இடம் போதவில்லை என்று பின்னாலுள்ள மண்மேட்டை வெட்டாதீர்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் அதையே மறுபடியும் காட்டிவிட்டுப் போனது. சின்ன அறைதானே என்று எண்ண வேண்டாம். அடிவாரத்தில் 3 அடி வெட்டினாலும் மேலே உள்ள மண் தாங்கலை இழக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுப் பரிசீலனையும், பிரதேச சபை அனுமதியும் வேண்டும். காணி உறுதி இன்னும் கையில் வராதவர்கள், தேயிலைத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அறைக்கு மேல்பக்கம் ஒரு கான் வெட்டி, கூரைத் தண்ணீரையும் மேட்டுத் தண்ணீரையும் சுற்றி வெளியே விடுங்கள். கான் வெட்டுவது நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்ணைத் தாங்கும் சுவர் கட்டினால் தண்ணீர் வடிய இடையிடையே துவாரம் விடச் சொல்லுங்கள். மேசன் பாஸ் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். மேட்டில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த மூலையை விட்டுவிடுங்கள். இஸ்தோப்பையே அடைத்து மேசை போட்டுக்கொள்ளலாம். அப்படி அடைத்துக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்துதான் கொட்டகலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் தோட்டத்தின் கதையை எழுதிக்கொண்டிருக்கிறார்.

செலவைப் பற்றிப் பேச நேரம் வைக்கவில்லை, அதைக் கேட்கத்தான் பலர் காத்திருந்திருப்பீர்கள். எப்போது கட்டுவது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: பொங்கல் முடிந்து அத்திவாரம் போட்டால் தை, மாசி, பங்குனியில் மேற்கு மலைச்சரிவுக்கு மழை குறைவு. வைகாசி மழைக்கு முன்னே கூரை ஏறிவிடும். அடுத்த பொங்கலுக்குள் உங்களில் யாராவது ஒருவர், "சேர், ஸ்டூலைப் போட்டுப் பார்த்துட்டேன்" என்று என் மேசைக்கு வருவார் என்று எதிர்பார்க்கிறேன்.