காற்றிடம் கேட்ட கேள்வி



சமூகத்துக்குக் கவிதை எதற்கு என்று சங்கப் பொறுப்பாளர்கள் பேசச் சொன்னார்கள். போன மாதம் நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். இந்த விழாவுக்காக ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி, ஃபிஜிக்குக் கூலி வேலைக்குப் போன பெண்களைப் பற்றிப் பாரதி எழுதிய ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, “மிஸ், அவங்க ஏன் வீட்டுக்குப் போகல?” என்று கேட்டாள்.

மேசைமேல் உலகப் படத்தை விரித்தோம். சென்னையில் விரலை வைத்து ஃபிஜிவரை இழுக்கப் பார்த்தாள். கை எட்டவில்லை, எழுந்து நின்றுதான் தொட முடிந்தது.

1879 முதல் 1916 வரை 60,000 பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் புறப்பட்டது. ‘அக்ரிமென்ட்’ அவர்கள் வாயில் ‘கிர்மித்’ ஆயிற்று. ஒப்பந்தம் 5 வருடம். ஆனால் 10 வருடம் கழிந்தால்தான் ஊர் திரும்ப இலவசக் கப்பல். 100 ஆணுக்கு 40 பெண் என்று கணக்கு வைத்து ஏற்றினார்கள். அந்தக் கணக்குக்குள் பெண்கள் பட்ட பாட்டைப் பிள்ளைகள் இருக்கும் சபையில் நான் விரிக்க விரும்பவில்லை.

பாரதி ஃபிஜிக்குப் போனவரில்லை. அவர் பத்திரிகைக்காரர், செய்தி எழுதத் தெரிந்தவர். ஆனால் செய்திக்குச் சாட்சி வேண்டும். அந்தப் பெண்களுக்கு யார் சாட்சி? அதனால்தானோ என்னவோ, பாட்டில் அவர் காற்றைக் கூப்பிட்டு, அவர்கள் அழுதது உன் காதில் விழுந்ததா என்று கேட்கிறார். நாதியற்றவர்களுக்காக அப்படிக் கேட்கக் கவிதையால்தான் முடியும்.

அந்தப் பாட்டுதான் கூலி ஒப்பந்தத்தை ஒழித்தது என்று சொல்ல மாட்டேன். 1920-இல் அது முடிந்ததற்குப் பலருடைய போராட்டம் காரணம். ஆனால் நூறு வருடம் கழித்து, பெயர்கூடத் தெரியாத அந்தப் பெண்களை ஒரு பிள்ளை ‘அவங்க’ என்று அடுத்த வீட்டுக்காரர்களைப் போல விசாரிக்கிறாளே, அது பாட்டு செய்த வேலை.

இன்றும் நம் ஊர்ப் பெண்கள் வீட்டு வேலைக்கு வளைகுடாவுக்குப் போகிறார்கள். அடுத்த ஆண்டு சங்க மலரில் அவர்களைப் பற்றி ஒரு கவிதையாவது வர வேண்டும். யாராவது எழுதுங்கள், சந்தம் கொஞ்சம் தட்டினாலும் பரவாயில்லை.

அடுத்து அந்தப் பிள்ளையின் பாட்டு. பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரையோரம் நிற்கிறாள். மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கி வையுங்கள்.