உழவர் எனப்படுவார் யார்?



அரசு உழவர்க்கு வழங்கும் உதவித்தொகையை ‘மானியம்’ என்றே நாளிதழ்கள் எழுதுகின்றன. முன்னாளில் அச்சொல், கோயிலுக்கும் பார்ப்பனர்க்கும் ஊர்ப்பணியாளர்க்கும் இறையிலியாக விடப்பட்ட நிலத்தைக் குறித்தது. அந்நிலத்தில் உழுதவன் ஒருவன். மானியம் பெற்றவன் மற்றொருவன். இக்கொடுமை தமிழ் மண்ணுக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. அதனை அறிதல் தமிழர்க்கும் நலம் பயக்கும்.

அந்நாட்டில் 1929-இல் பவுண்டு ஒன்றுக்கு 16 காசுக்கு மேல் விற்ற பருத்தி, 1932-இல் 7 காசுக்கும் கீழே வீழ்ந்தது. விளைச்சல் மிகையே விலை வீழ்ச்சிக்குக் கரணியம் எனக் கண்ட உரூசுவெல்டு அரசு, 1933 மே திங்களில் வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தை இயற்றியது. பயிரிடும் பரப்பைக் குறைப்பவர்க்குப் பணம் தருவது அச்சட்டத்தின் நோக்கு. அவ்வாண்டிலேயே ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கரில் வளர்ந்து நின்ற பருத்தி உழுது அழிக்கப்பட்டது.

பணம் யாரைச் சென்றடைந்தது? ஆர்க்கன்சா மாநிலத்தின் பாயின்செட்டு வட்டம் இதற்கு விடை கூறும். ஆங்குப் பருத்தி விளைவித்தோர் பெரும்பாலும் வாரக்குடிகள். நிலமும் ஏரும் கிழாருடையவை. உழைப்பு மட்டுமே குடிகளுடையது. 1934-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, தரிசாக விட்ட நிலத்தின் வழக்கமான விளைச்சலைக் கணக்கிட்டுப் பவுண்டு ஒன்றுக்கு 4½ காசு தரப்பட்டது. அதில் நிலக்கிழார்க்கு 4 காசு; வாரக்குடிக்கு அரைக்காசு! அவ்வரைக்காசையும் பழங்கடனுக்கு ஈடாகக் கிழார் பிடித்துக்கொண்டால் கேட்பாரில்லை. பங்கீட்டை மேற்பார்த்த வட்டக் குழுக்களிலும் கிழார் கையே ஓங்கியிருந்தது.

பரப்புக் குறையவே ஆள்கள் மிகையாயினர்; குடிகள் துரத்தப்பட்டனர். ஆயினும் அவர்கள் வாளா இருந்தாரல்லர். 1934 சூலைத் திங்களில், அவ்வட்டத்துத் தைரான்சா ஊரருகே, 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தாரும் ஒருங்கு கூடித் தென்னகக் குத்தகை உழவர் கழகத்தைத் தோற்றுவித்தனர். நிறவேற்றுமை கோலோச்சிய அந்நாளில், பசி அவர்களை ஓரணியில் நிறுத்தியது.

உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவோ, இயன்றவரை குடிகளின் எண்ணிக்கை குறையலாகாது என்றது. எண்ணிக்கை என்பது வெறுந்தலைக்கணக்கா, அன்றி அதே மாந்தரா? அதே மாந்தரையே வைத்திருத்தல் வேண்டும் என வேளாண்மைச் சீரமைப்பு அலுவலகச் சட்டப் பிரிவினர் பொருளுரைத்தனர். விளைவு? 1935 பிப்பிரவரியில் அப்பிரிவின் தலைவர் செரோம் பிராங்கும் துணையாளர் சிலரும் பணியினின்று நீக்கப்பட்டனர். சொல்லின் பொருள் திரிந்தது, குடிசைகள் வெறுமையாயின. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பருத்தி பறிப்போர் வேலைநிறுத்தம் செய்தே கூலி உயர்வு பெற்றனர். அரசின் நல்கை தராததை அவர்தம் ஒற்றுமை தந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்கற்க. இந்திய நடுவணரசு 2018 திசம்பர் முதல் நடைமுறைப்படுத்திய, ஆண்டுக்கு 6000 உருபா வழங்கும் திட்டமும், நிலவுடைமை கொண்ட உழவர் குடும்பம் என்றே வரையறை செய்தது. பட்டாவில் பெயரில்லாத குத்தகையாளன், ஆண்டெல்லாம் சேற்றில் நின்றாலும் அவ்வரையறைக்குள் வாரான்.

உழவர்க்கு உதவுதல் தவறன்று. அது அரசின் கடமை. ஆயின், உழவர் என்னும் சொல் உழுதொழிலிற் பிறந்ததேயன்றி உடைமையிற் பிறந்ததன்று. தமிழ் தந்த அப்பொருளைத் தமிழர் முதலில் தம் நெஞ்சில் நிறுத்துக; பின்னர்ச் சட்டத்திலும் நிறுத்தப் போராடுக. உதவித்தொகை ஏட்டில் உழுபவன் பெயர் ஏறும் நாளே உழவர் திருநாள்!