மரத்தடி வெளிச்சம் வண்டிக்குள் வர வேண்டும்

(கீழ்பென்னாத்தூரில் நடைபெற்ற மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில், பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர் ஆற்றிய உரை)



மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. நட்டு, போல்ட்டு, வயர், பைப்பு இவற்றோடு பழகியவன் நான். ஆனாலும் நமது கிராம மருத்துவ வண்டியைப் பற்றி உங்களில் பலர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். "இவ்வளவு பழைய வண்டிக்கு ஏன் செலவு செய்ய வேண்டும், புதிதாக ஒன்று வாங்கினால் என்ன?" என்று சிலர் கேட்கிறீர்கள். "வெளியே பளிச்சென்று பெயின்ட் அடித்து, எங்கள் சபையின் பெயரை எழுதித் தருகிறோம்" என்று சிலர் அன்போடு சொல்கிறீர்கள. இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

முதலில் நம் பகுதியின் பழைய வரலாறு கொஞ்சம். 1900ஆம் ஆண்டில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1902ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வந்தது. ஆனால் எல்லா நோயாளிகளாலும் வேலூர் வரை வர முடியவில்லை. அதனால் அம்மையார் ஒரு பெஜோ மோட்டார் வண்டியில் மருந்துகளை ஏற்றிக்கொண்டு குடியாத்தம் சாலையில் புறப்பட்டுப் போவார். வழியில் மரத்தடிகளில் ஜனங்கள் காத்திருப்பார்கள். அந்த மரத்தடிதான் அவர்களுடைய ஆஸ்பத்திரி. அதில் நல்ல பகல் வெளிச்சம் இருந்தது, காற்று இருந்தது. மறைவு மட்டும் இல்லை.

பிற்காலத்தில் வண்டியையே ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். 1991 ஜூலை 16ஆம் தேதி முதல் 'லைஃப்லைன் எக்ஸ்பிரஸ்' என்ற மருத்துவ ரயில் நம் நாட்டில் ஓடுகிறது. ரயில்வே கொடுத்த பெட்டிகளின் உட்புறத்தை மாற்றி, அறுவை அரங்கு அமைத்த ரயில் அது. சென்னையில் சங்கர நேத்ராலயா, ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து இரண்டு பேருந்துகளை இணைத்து, கண் அறுவை சிகிச்சை செய்யும் வண்டியை உருவாக்கியது. வெளிநாடுகளில் பழைய 'மோட்டார் ஹோம்' வண்டிகளை வாங்கி, உள்ளே பலகையும் விளக்கும் மாற்றி, விடுமுறைக்குப் போகிறார்கள். நம் ஊரில் சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் கேரவனும் அதே ஜாதிதான். வேலை முறை எல்லாவற்றுக்கும் ஒன்று. யாருக்காகச் செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

"2008 முதல் 108 வண்டி வருகிறது, 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நம் வண்டிக்கு இனி என்ன வேலை?" என்றும் கேட்கலாம். அந்தத் திட்டங்களுக்காக நாம் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லுகிறோம். ஆனால் ஒரு பெண், கூட்டுக் குடும்பம் உள்ள வீட்டில் எல்லார் முன்னிலையிலும் சொல்ல முடியாத ஒரு தொந்தரவை, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நர்ஸம்மாவிடம் சொல்ல ஓர் அறை வேண்டும். அந்த அறைதான் நம் வண்டி. சோமாசிபாடி, வேட்டவலம் பக்கத்துக் கிராமங்களில் மல்லாட்டை பிடுங்கும் நாட்களிலும் நடவு நாட்களிலும் தாய்மார்கள் பகலில் வருவதில்லை. கூலி வேலை முடிந்து, பொழுது சாயும் நேரத்தில்தான் வருகிறார்கள். ஆகவே வண்டிக்குள் வெளிச்சம் எப்படி இருக்கிறது என்பது வைத்தியத்தின் ஒரு பகுதி.

பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் அழகிலிருந்து தொடங்குவார்கள். நாங்கள் அடியிலிருந்து தொடங்கினோம். பழைய மேட்டையும் பிளைவுட்டையும் முழுவதும் கழற்றி, தரைத் தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். சேஸிஸ் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தால் அந்த வண்டிக்கு ஒரு ரூபாயும் செலவழிக்கக் கூடாது. நம் வண்டியின் சேஸிஸும் எஞ்சினும் உறுதியாக இருக்கின்றன. துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டும் வினைல் விரிப்பும் போடுகிறோம். விரிப்பைச் சுவரில் நாலு அங்குலம் மேலேற்றி ஒட்டினால், மூலையில் அழுக்கும் இரத்தக் கறையும் தங்காது. வாளித் தண்ணீர் ஊற்றித் துடைக்கலாம்.

அடுத்தது வெயில். பங்குனி, சித்திரையில் நம் ஊர் வெயிலில் நிற்கும் தகர வண்டி அடுப்பு மாதிரி. கூரைக்கும் உட்பலகைக்கும் நடுவே தெர்மோகோல் வைப்பது மலிவு. ஆனால் அது எளிதில் தீப்பிடிக்கும், விஷப் புகை வரும். அதனால் தீயைத் தாங்கும் வகை நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டுகிறோம். கூரையின் வெளிப்புறத்துக்கு வெள்ளைப் பெயின்ட். நீங்கள் கொடுக்க நினைக்கும் பெயின்ட் முதலில் அங்கே போகட்டும். அது யார் கண்ணுக்கும் தெரியாது, ஆனால் உள்ளே படுத்திருக்கும் கர்ப்பிணித் தாய்க்குத் தெரியும்.

இப்போது விளக்குக்கு வருகிறேன். வண்டியில் இதுவரை இருந்தது மஞ்சள் பல்பு ஒன்றும் பழைய டியூப் லைட் ஒன்றும். மஞ்சள் வெளிச்சத்தில் காமாலைக் கண்ணைக் கண்டுபிடிப்பது கடினம். இரத்தசோகைக்குக் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார்கள். வெளிச்சத்தின் நிறம் சரியில்லையென்றால் வெளுத்த இமையும் சிவப்பாகத் தோன்றும். 2019-21ல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உண்டு. தொழுநோயின் ஆரம்பத் தேமலும் அப்படித்தான். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியது.

ஆகவே எல்.இ.டி. விளக்கு வாங்கும்போது வாட் கணக்கை மட்டும் பார்க்கக் கூடாது. நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு என்று ஒன்று உண்டு. சூரிய வெளிச்சத்துக்கு 100. கடைகளில் கிடைக்கும் சாதாரண விளக்குகள் 80 அளவில் இருக்கும். நமக்கு 90க்கு மேல் வேண்டும். நிறம் 4000 கெல்வின் அளவில், அதிக மஞ்சளும் அதிக நீலமும் இல்லாமல் இருந்தால் நல்லது. இரத்த அழுத்தம் பார்க்கும் இடத்துக்கு 500 லக்ஸ் வெளிச்சம் போதும். பரிசோதனைப் படுக்கைக்கு மேல் மட்டும் 1000 லக்ஸ் கொடுக்க, வளையும் கழுத்துள்ள தனி விளக்கு ஒன்று.

வண்டியின் மின்சாரம் 12 வோல்ட் என்பார்கள். எஞ்சின் ஓடும்போது அது 14 வோல்ட்டைத் தாண்டும். மலிவான எல்.இ.டி. பட்டைகள் சீக்கிரம் கெடுவதற்கு அது ஒரு காரணம். மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் உள்ள விளக்குதான் நிலைக்கும். கணக்கு எளிது. 9 வாட் விளக்கு நான்கு, மொத்தம் 36 வாட். அதற்கு 3 ஆம்பியர். 24 வாட் மின்விசிறி இரண்டு. அதற்கு 4 ஆம்பியர். ஆக 7 ஆம்பியர். ஆறு மணி நேரத்துக்கு 42 ஆம்பியர் மணி. சாதாரண ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆதலால் 100 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று, எஞ்சின் பேட்டரியோடு கலக்காமல் தனியாக. அப்போதுதான் இரவு ஏழு மணிக்கு மேலும் விளக்கு எரியும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். பேட்டரியின் பக்கத்திலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். தகடு அறுக்கும் இடங்களில் வயருக்கு ரப்பர் வளையம் வேண்டும். வண்டித் தீ பல வேளைகளில் இந்த இரண்டும் இல்லாமல்தான் வருகிறது.

இனி மறைவு. மரத்தடி கொடுக்காததை வண்டி கொடுக்க வேண்டும். திரை போட்டால் போதும் என்று நினைக்கிறோம். படுக்கைக்குப் பின்னால் விளக்கு இருந்தால், உள்ளே இருக்கும் பெண்ணின் நிழல் திரையில் அப்படியே விழும். வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள். அதனால் விளக்கைத் திரைக்கும் படுக்கைக்கும் நடுவே, கூரையில் பொருத்துகிறோம். ஜன்னலின் கீழ்ப் பாதிக்கு மங்கல் கண்ணாடித் தாள்; மேல் பாதி திறந்து காற்று வரும். ஏறும் படி ஏழு அங்குலத்துக்கு மேல் உயரம் இருக்கக் கூடாது, இருபுறமும் கைப்பிடி. படியின் கீழும் ஒரு சின்ன விளக்கு. இருட்டில் இறங்கும் வயதானவர்களுக்கு அது ஊன்றுகோல்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. இருக்கைகளை எடுத்துப் படுக்கை வைப்பதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

புது வண்டி பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். புதிதாக வாங்கினாலும் உள்ளே வெறும் தகரம்தான் வரும்; இதே வேலை அதிலும் உண்டு. அதனால் அலமாரி, படுக்கை, விளக்கு, பேட்டரிப் பெட்டி எதையும் வெல்டு வைக்காமல் திருகாணி போட்டே பொருத்துகிறோம். இந்த வண்டி ஓய்வு பெறும் நாளில் எல்லாவற்றையும் கழற்றி அடுத்த வண்டியில் மாட்டலாம். உங்கள் காணிக்கை இரண்டு வண்டிகளுக்கு உழைக்கும்.

பெயர் எழுத விரும்பும் சபையாருக்கு ஒரு வேண்டுகோள். வண்டியின் பக்கத்தில் எந்த நோயின் பெயரையும் எழுத வேண்டாம். அந்த எழுத்தைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. வெளிப்புறம் சாதாரணமாகவே இருக்கட்டும். அதற்கு வைத்திருந்த பணத்தில் பரிசோதனை விளக்கையோ, ஏறும் படியையோ, கூரை வேலையையோ ஒரு சபை ஏற்றுக்கொள்ளலாம். என்ன தேவை என்ற பட்டியல் வாசலில் உள்ள மேஜையில் இருக்கிறது. தச்சு வேலை, வயரிங் வேலை தெரிந்த வாலிபர்கள் சனிக்கிழமைகளில் வந்து கைகொடுத்தாலும் அது பெரிய காணிக்கைதான்.

இந்த வண்டிக்காகவும், அதில் ஏறி இறங்கப்போகும் ஒவ்வொரு தாய்க்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.