மிகைத்துடிப்பு: பழைய நுண்செயலியும் ஒரு கலைச்சொல்லும்



பழைய கணினியின் நுண்செயலியை, உற்பத்தியாளர் குறித்த வேகத்துக்கு மேல் இயங்கச் செய்வதை ஆங்கிலத்தில் ‘ஓவர்கிளாக்கிங்’ என்பர். சிம் லிம் ஸ்குவேரில் உதிரிபாகங்கள் வாங்கித் தாமே கணினி அமைக்கும் இளைஞர் இதனை அறிவர். ஆயினும் அதனைத் தமிழில் விளக்கச் சொன்னால் தயங்குவர். கை செய்யும் தொழிலை நாவால் சொல்ல இயலாத நிலை நீடிக்குமாயின், தமிழ் விழா மேடைக்கு மட்டும் உரிய மொழியாகச் சுருங்கிவிடும். ஆகவே இச்சொல்லை இன்று ஆராய்வோம். ‘செயலி’ என்பது இப்போது கைத்தொலைபேசியில் நிறுவும் மென்பொருளைக் குறிப்பதால், இவ்வுரையில் ‘நுண்செயலி’ என்றே வழங்குவோம்.

சொல்லைத் தேடுமுன் பொருளைத் தெளிவோம். நுண்செயலியின் ஒவ்வொரு படிநிலையும் ஒரு மின்துடிப்புக்கேற்ப நடைபெறுகிறது. தாய்ப்பலகையிலுள்ள படிகமொன்றின் அதிர்விலிருந்து அத்துடிப்பு உருவாக்கப்படுகிறது. நொடிக்குப் பத்து இலட்சம் துடிப்பு என்பது 1 மெகாஹெர்ட்ஸ். பலகையின் அடிப்படைத் துடிப்பை ஒரு பெருக்கெண்ணால் பெருக்க, நுண்செயலியின் வேகம் கிடைக்கிறது.

இதற்குப் புகழ்பெற்ற சான்று, இன்டெல் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட செலரான் 300ஏ. அதன் பெருக்கெண் 4.5, மாற்ற இயலாதவாறு பூட்டப்பட்டது. பலகையின் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். ஆகவே வேகம் 300. பெருக்கெண்ணைத் தொட முடியாத ஆர்வலர்கள் பலகையின் துடிப்பை 100 ஆக்கினர். வேகம் 450 ஆயிற்று. 128 கிலோபைட் பதுக்கு நினைவகம் சில்லுக்குள்ளேயே முழு வேகத்தில் இயங்கியதால், அதுவும் உடன் விரைந்தது. அந்நாளைய பென்டியம் 2-இல் அந்நினைவகம் அளவில் பெரிதாயினும் பாதி வேகத்திலேயே இயங்கியது. மலிவான சில்லு விலையுயர்ந்த சில்லுக்கு நிகராக நின்றமைக்கு இதுவே காரணம்.

300 என்று பொறித்த சில்லு 450-இல் இயங்கியது எவ்வாறு? பொறித்த எண் சில்லின் எல்லையன்று. உற்பத்தியாளர் தரும் உறுதிமொழி. சில்லுகள் சோதிக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்படுகின்றன. உயர்வேகம் தாங்கக்கூடிய சில்லும் சந்தைத் தேவை கருதிக் குறைந்த எண்ணுடன் விற்கப்படுவதுண்டு. அந்த இடைவெளியே ஆர்வலரின் களம். ஆனால் உறுதிமொழியைக் கடந்தபின் பொறுப்பு நம்முடையது.

அப்பொறுப்பின் அளவை எண்ணிப் பார்ப்போம். அடுத்த துடிப்பு வருமுன் சைகை நிலைபெறாவிட்டால் கணக்குப் பிழைபடும். கணினி உறைந்து நிற்கும். சைகையை விரைவுபடுத்த மின்னழுத்தத்தைக் கூட்டுவர். செலவாகும் மின்திறனோ துடிப்புக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருபடிக்கு நேர்விகிதத்திலும் உயரும். துடிப்பை 1.5 மடங்காக்கி, மின்னழுத்தத்தை 2.0 வோல்ட்டிலிருந்து 2.2 ஆக்கினால், மின்திறன் ஏறத்தாழ 1.8 மடங்காகும். அது முழுதும் வெப்பம். தக்க விசிறியில்லாவிடில் பிழைகள் மலியும். சில்லின் ஆயுளும் குறையும். ஆகவே அறிந்தவர்கள் துடிப்பைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் நெடுநேரம் சோதித்து, வெப்பநிலையைக் கண்காணிப்பர்.

இனிச் சொல்லுக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மிகைக்கடிகாரம்’ எனக் கிடைக்கும். ஆனால் நுண்செயலியில் உள்ளது நேரம் காட்டும் கருவியன்று. ஆங்கிலச் சொல்லின் மூலமே மணியைக் குறிக்கும் இடைக்கால இலத்தீன் சொல்; அதன் உட்கரு காலமன்று, ஒலிக்கும் அடி. தமிழிலும் மணி அடித்துத்தான் நேரம் ‘மணி’ ஆயிற்று. ‘வேகமூட்டல்’ எனலாமா? அது விளைவைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. நினைவகத்தைக் கூட்டினாலும் கணினி வேகமுறும்.

எனவே ‘மிகைத்துடிப்பு’ என்பதை முன்மொழிகிறோம். மருத்துவத்தோடு மயங்காதா என வினவலாம். அங்கே ‘இதயம்’ என்னும் அடை சேரும். இடம் நோக்கிப் பொருள் கொள்வது தமிழுக்குப் புதிதன்று. இச்சொல் தன் இனத்தையும் ஈனும்: துடிப்பு வீதம், துடிப்புப் பெருக்கெண், மிகைத்துடிப்பேற்றல், குறைத்துடிப்பு. இறுதியானது வெறும் எதிர்ச்சொல் அன்று. வெப்பத்தைத் தணிக்கவும் மின்கலத்தைச் சேமிக்கவும் துடிப்பைக் குறைக்கும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது.

‘மிகை’ என்னும் முன்னொட்டிலும் ஒரு நயம் உண்டு. நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ‘மிகைபடக் கூறல்’ என்பதையும் வைத்தார். அளவு கடந்தது என்னும் எச்சரிக்கை அச்சொல்லோடு பிறந்தது. உறுதிமொழியைக் கடக்கிறோம், பொறுப்பை ஏற்கிறோம் என்பதை அது நமக்கு நினைவூட்டும்.

கலைச்சொல் அகராதியில் அச்சேறுவதால் மட்டும் வாழாது. புழங்குவோர் நாவில் ஏறினாலே வாழும். அடுத்த முறை வீட்டுப் பிள்ளைகள் பழைய கணினியைத் திறந்து வைத்திருக்கக் கண்டால், துடிப்பு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று தமிழில் கேளுங்கள். அவர்கள் தமிழில் விடை சொல்லத் தொடங்கும்போது, இச்சொல் தகுதியுடையதா என்பது தெரிந்துவிடும். இதனினும் சிறந்த சொல்லை அவர்களே ஆக்கித் தந்தால், அதனை முதலில் வரவேற்போர் நாமாகவே இருப்போம்.