கன்னியர் மடப் பள்ளியும் பாட்டியின் கடிதமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோல் மார்க்கெட்டில் வளர்ந்தவள் என்ற முறையில், நான் பயின்ற பள்ளியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம் செயலாளர் பணித்தார். நான் பேச்சாளி அல்லேன். அறிந்ததையும் பட்டதையும் சொல்லுகிறேன்.

கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் கோல் டாக்கானா இருக்கிறது. அதனருகே திரு இருதயப் பேராலயம். அதை அடுத்து இயேசு மரி கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளி. சுற்றிலும் ஓயாத போக்குவரத்து. இப்பள்ளி தோன்றிய ஆண்டு 1919. நம் கோல் மார்க்கெட்டு எழுந்தது 1921இல். புதுடெல்லி தலைநகராகத் திறந்துவைக்கப்பட்டது 1931இல். சந்தைக்கும் தலைநகருக்கும் முன்னரே பெண்களுக்கு ஒரு பள்ளி அங்கே வந்துவிட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதன் வேர் பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் உள்ளது. பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பில், 1794ஆம் ஆண்டில், கிளாடின் தெவனே என்னும் மங்கையின் உடன்பிறந்தார் இருவர் கொல்லப்பட்டனர். கொன்றவரை மன்னிக்கும்படி அவர்கள் தம் சகோதரியிடம் கேட்டுக்கொண்டனர் என்பது வரலாறு. அத்துயரைச் சுமந்த அம்மையார் ஆதரவற்ற சிறுமியரைச் சேர்த்து, எழுத்தும் பட்டுநெசவும் கற்பித்தார். பெண் தன் காலில் நிற்க வேண்டும் என்பதே நோக்கம். 1818இல் அவர் நிறுவிய கன்னியர் சபை, அவர் மறைந்த பின்னர் 1842இல் ஆக்ராவுக்கு வந்தது. அதே 1842இல்தான் அயர்லாந்திலிருந்து வேறொரு சபையின் கன்னியர் நம் சென்னையில் வந்திறங்கினர். வடக்கிலும் தெற்கிலும் பெண்கல்விக்கு ஒரே ஆண்டில் இரு கதவுகள் திறந்தன.

டெல்லிப் பள்ளியில் பல மொழியினர் பயின்றனர். 1960இல் பர்மாவின் தூதராக வந்த அம்மையாரின் மகள் ஆங் சான் சூகியும் அங்குப் பயின்றவரே.

சர்க்கார் அலுவலகத்தில் எழுத்தராயிருந்த என் தந்தையார், 1962இல் என்னை அப்பள்ளியில் சேர்த்தார். ஆங்கிலம் வந்தது, இந்தி தெருவிலேயே வந்தது. தமிழை வீட்டில் பேசினோம். பேசினால் போதும் என்று இருந்துவிட்டோம்.

என் தாயைப் பெற்ற பாட்டி கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் இருந்தார். பள்ளி வாசலை மிதித்தவர் அல்லர். என் தாயார் சிறுமியாய்ப் படித்த நாளில், மகளின் சிலேட்டைப் பார்த்துப் பார்த்தே எழுத்தறிந்தவர். எனக்குப் பத்து வயதானபோது, என் பெயருக்கே ஒரு கடிதம் எழுதினார். அஞ்சற்காரர் என் கையில் தந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிரித்தேன். ஓரெழுத்தும் படிக்கத் தெரியவில்லை. அம்மாவிடம் நீட்டினேன். அவர் உரக்கப் படித்தார்:

“குழந்தாய், நீ பெரிய பள்ளியில் படிக்கிறாய், இதை நீயே படித்துக்கொள். உன் அம்மாவிடம் காட்டாதே. எனக்குக் கண் மங்கி வருகிறது. சொன்னால் அவள் பதறுவாள்.”

அம்மாவின் குரல் அங்கேயே நின்றுவிட்டது. மகளுக்குத் தெரியக் கூடாது என்று தாய் மறைத்ததை, மகளின் வாயாலேயே படிக்கச் செய்தவள் நான். பாட்டி என்மேல் வைத்த நம்பிக்கையை என் அறியாமை காட்டிக்கொடுத்துவிட்டது.

அன்று மாலையே அம்மா ஒரு சிலேட்டு வாங்கி வந்தார். சில மாதங்களில் நானே பதில் எழுதினேன். ஆனால் அதற்குள் பாட்டியின் கண் முற்றும் மறைந்திருந்தது. என் முதல் தமிழ்க் கடிதத்தைப் பக்கத்து வீட்டார்தாம் அவருக்குப் படித்துக் காட்டினர்.

அன்பர்களே, இதில் பள்ளியின் குற்றம் ஏதும் இல்லை. தன் பொறுப்பை அது செவ்வனே செய்தது. இன்று உங்கள் முன் அஞ்சாமல் நிற்கும் துணிவையும் அதுவே தந்தது. எங்கள் வீட்டுப் பொறுப்பைத்தான் நாங்கள் மறந்திருந்தோம்.

தலைநகரத் தமிழர் அதை முன்பே உணர்ந்திருந்தனர். 1923இல் அவர்கள் தொடங்கிய கல்வி முயற்சியே டெல்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்தது. அதன் பள்ளியொன்று நமக்கு அருகே மந்திர் மார்க்கிலேயே இருக்கிறது. ஆயினும் எல்லாக் குழந்தைகளும் அங்கே பயில இயலாது. வேறு பள்ளிகளுக்குச் செல்லும் நம் மக்கள் இன்று தொலைபேசியில் பாட்டியின் முகம் பார்த்துத் தமிழில் பேசுகிறார்கள். மகிழ்ச்சியே. ஆனால் பாட்டி கைப்பட எழுதி வைத்ததை அவர்களால் படிக்க முடிகிறதா?

ஆகவே இச்சங்கத்திடம் ஒன்று வேண்டுகிறேன். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இக்கூடத்தில் தமிழெழுத்துக் கற்பிக்க இடம் தாருங்கள். கற்பிக்க நான் வருகிறேன். பெற்றோர் செய்ய வேண்டியது, குழந்தைகளை அழைத்து வருவது ஒன்றே. முதற் பாடமாக ஊரிலுள்ள பாட்டனாருக்கோ பாட்டியாருக்கோ ஒரு கடிதம் எழுதச் சொல்லுவேன். அவர்கள் கண் நன்றாயிருக்கும்போதே அது போய்ச் சேரட்டும்.