மதுவை விட்டாரும் வாக்குரிமையும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மதுவின் தீமை அன்று. அதனை வள்ளுவர் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தில் விளக்கிப் போந்தார்; அதற்குமேற் கூற எம்மிடம் யாதுமில்லை. குடியை விட்டொழித்த ஒருவன் அதன்பின் ஊரிலும் நாட்டிலும் பெறற்குரிய இடம் யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அத்தகையோர் நம் வீடுகளிற் பலர் உளர். மருத்துவ இல்லங்களிற் சில காலம் தங்கி மீண்டாருமுண்டு. 1935இல் அமெரிக்காவில் தோன்றி இந்நாட்டிலும் பரவிய, குடிநோயினர் தம்முட் கூடி ஒருவர்க்கொருவர் துணையாகும் கூட்டங்களிற் சேர்ந்து தெளிந்தாருமுண்டு. அவர்கள் உடல் தேறினர், தொழிலுக்குச் செல்கின்றனர். எனினும் பொதுக்காரியங்களில் அவர்களை அழைப்பாரில்லை. தேர்தல் வந்தால், ‘நம் சொல்லுக்கு என்ன மதிப்பு?’ என்று அவர்களும் ஒதுங்கிவிடுகின்றனர். இவ்வொதுக்கம் நீங்கவேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை (கி.பி. 919, 921) நாம் மேடைதோறும் புகழ்கின்றோம். அக்குடவோலை முறையிற் புகழத்தக்க பகுதிகள் பல உள. பொதுக்கணக்குக் காட்டாதாரை விலக்கியது அவற்றுள் ஒன்று. ஆனால் குற்றஞ்செய்து பிராயச்சித்தத்தால் தூயரானவரும் வாழ்நாள் முழுதும் குடவோலையிற் பெயர் எழுதப்பெறார் என்றும் அது விதித்தது. கழுவாய் தேடிய பின்னரும் கறை போகவில்லை! முறை மறைந்து நெடுங்காலம் சென்றும், இவ்வொரு விதியை மட்டும் நாம் நெஞ்சில் வைத்துப் போற்றி வருகின்றோம் போலும்.

நம் அரசியலமைப்போ அவ்வாறு கூறவில்லை. அதன் 326ஆம் உறுப்பு வயது வந்தார் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. 21 என்றிருந்த வயது 1989இல் 18 ஆயிற்று. குடித்தான் என்பதனாலோ, மருத்துவ இல்லத்தில் இருந்தான் என்பதனாலோ ஒருவன் அவ்வுரிமையை இழப்பதில்லை. மனநிலை திரிந்தவர் என்னும் விலக்குக்கும் தக்க நீதிமன்றத்தின் தீர்ப்பு வேண்டும். அண்டை வீட்டார் சொல் போதாது. சிகிச்சைக்காகச் சில திங்கள் வெளியூரில் தங்கினமையால் சொந்த ஊர் வாக்கு அற்றுப்போவதுமில்லை. நாடு தள்ளாதவனை நாம் தள்ளலாமோ?

மற்றொன்றும் நினைக்கற்பாலது. சேலம் மாவட்டத்தில் 1937இல் மதுவிலக்கு வந்தது, 1948இல் சென்னை மாகாணம் முழுதும் பரவியது, 1971இல் தளர்த்தப்பட்டது, 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே நடத்தலாயிற்று. இவையெல்லாம் சட்டமன்றத்தின் வழியாகவும் அரசாணையின் வழியாகவும் வந்தவை. 1937இல் சொத்து, கல்வி முதலிய தகுதியுடையார்க்கே வாக்கிருந்தமையால், கள்ளுக்கடையால் நலிந்த உழைப்பாளர் பெரும்பாலார்க்கு அதுபற்றிப் பேசும் உரிமையில்லை. இன்று உரிமை உளது. கடை தெருமுனையில் இருப்பதன் பயனை உடலால் அறிந்தவனினும் அதுபற்றி முடிவு சொல்லத் தக்கவன் யாவன்? அவன் கடை வேண்டும் என்பானோ, வேண்டா என்பானோ, அஃது அவன் விருப்பம். அவனது அறிவு வாக்குப்பெட்டியை எட்டாமற் போவதே நாட்டுக்கு நட்டம்.

‘குடித்துப் பழகியவன் வாக்கை விற்றுவிடுவானே’ என்பார் சிலர். குடியாதார் பலரும் பணத்துக்கு விற்றதை நாம் கண்டதில்லையா? உண்மையில் தேர்தற்காலம் அவனுக்குப் பெரிய சோதனைக்காலம். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்திய 48 மணி நேரம் மது விற்றல் கூடாது என்பது சட்டம். வாக்குக்காகக் குடிவகை வழங்குதல் கையூட்டாகும் என்பதும் சட்டமே. ஆயினும் ‘குவார்ட்டர்’ என்னும் சிறு புட்டி இரவில் வீடு தேடி வருகின்றது. ஈராண்டு காத்த விரதத்தை ஓரிரவு கெடுத்துவிடும். அப்புட்டியை மறுத்துக் காலையில் வரிசையில் நிற்பவன் தன்னையும் காத்தான். தேர்தலின் தூய்மையையும் காத்தான்.

ஆதலின் நம் சங்கத்தார் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, அவர்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் உளதா எனப் பார்த்தல். இல்லையேல் 6ஆம் எண் படிவமும், குடிபெயர்ந்திருந்தால் 8ஆம் எண் படிவமும் நிறைவித்துத் தரலாம். அட்டை தொலைந்தவர்க்கும், பட்டியலிற் பெயர் இருப்பின், தேர்தல் ஆணையம் ஏற்கும் வேறு சான்றுகளுள் ஒன்று போதும். இரண்டாவது, தேர்தலுக்கு முந்திய இரவுகளில் அவர்களைத் தனியே விடாது உடனிருத்தல். மறுநாட் காலையில் குடும்பத்தோடு சாவடிக்கு அழைத்துச் செல்க. எவர்க்கு வாக்களித்தாய் என்று மட்டும் வினவற்க. மூன்றாவது, தேர்தலோடு நில்லாமை. கிராம சபையின் உறுப்பினர் யாவர்? அவ்வூர் வாக்காளர் பட்டியலில் உள்ளாரே. அங்கு எழுந்து குடிநீரும் சாலையும் பற்றி ஒரு வினா எழுப்பச் செய்க. நம் சங்கத்துப் பொறுப்புகளிலும் அவர்களுக்கு ஒரு பங்கு அளிக்க.

வாக்களித்தலால் குடிநோய் தீரும் என்று யாம் கூறவில்லை. அதற்கு மருத்துவமும் நண்பர் துணையும் வேண்டும். இடையில் ஒருவர் வழுவி மீண்டும் எழலாம். அப்போதும் அவர் வாக்கு அவருடையதே. ஆனால் பல்லாண்டு ‘குடிகாரன்’ என்னும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டவனை, சாவடி அலுவலர் அவன் சொந்தப் பெயரால் அழைத்து, செல்வர்க்கும் அதிகாரிக்கும் வைக்கும் அதே மையை அவன் விரலிலும் வைக்கின்றார். அம்மதிப்பை அவன் மறவான்.

அன்பர்காள்! அடுத்த தேர்தல் வருமுன் நும் தெருவில் அத்தகைய ஒருவரையேனும் தேடிச் சென்று, அவர் பெயர் பட்டியலில் உளதாவெனக் கேண்மின். அதுவே இன்று யாம் நும்பால் இரந்து கேட்பது.