கயிறும் கட்டுத்தறியும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும். ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

அன்பின் பெற்றோரே, அருமை வாலிபர்களே!

துறைமுகத்தில் நிற்கும் ஒரு கப்பலின் மேற்றளத்தை உற்றுநோக்கியிருக்கின்றீர்களா? அதன் ஓரங்களில் குட்டையான இரும்புத் தூண்கள் இரண்டிரண்டாக நிற்கும். கப்பலோட்டிகள் அவற்றைப் 'பொல்லாட்' என்பர்; நாம் கட்டுத்தறி எனலாம். பல்லாயிரம் தொன் எடையுள்ள கப்பலைக் கரையோடு பிணைக்கும் கயிறுகள் இத்தறிகளிலே சுற்றிக் கட்டப்படுகின்றன.

இச்சிறு தூணுக்கு அவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? தளத்தின் கீழே, கண்ணுக்குப் புலப்படாத இடத்தில், அதனைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் பொருத்தப்பட்டுள்ளன. அவையின்றேல் காற்றின் ஓர் இழுப்பில் தூண் தளத்தோடு பெயர்ந்துவிடும். பெற்றோரே! உங்கள் பிள்ளையின் ஈமானுக்கு அடித்தாங்கல் உங்கள் இல்லமேயாகும். தான் பஜ்ருக்கு எழாது மகனை மட்டும் எழுப்பும் தந்தை, சட்டமில்லாத தளத்தில் தூண் நடுகின்றார்.

வாலிபர்களே! கயிற்றைத் தறியில் ஒருமுறை சுற்றிவிட்டு எந்த மாலுமியும் அகல்வதில்லை. இரு தூண்களிலும் மாறி மாறி, 8 என்ற இலக்கத்தின் வடிவில் பல சுற்றுகள் சுற்றுகின்றார். ஒவ்வொரு சுற்றும் உராய்வினால் பிடியைப் பன்மடங்காக்குகின்றது. நாளொன்றுக்கு ஐவேளைத் தொழுகையும் அத்தகைய சுற்றுகளே. ஜும்ஆவுக்கு மாத்திரம் வருபவர் ஒரேயொரு சுற்றை நம்பி நிற்பவர். தீய நட்பும், நள்ளிரவுக் கைப்பேசியும், 'ஐஸ்' எனும் போதையும் புயலாய் வீசும்போது அச்சுற்று நழுவிவிடாதா?

இன்னொன்றையும் கவனியுங்கள். சரக்கு இறங்க இறங்கக் கப்பல் நீரில் மேலெழுகின்றது, கயிறு இறுகுகின்றது. மாலுமி அதனை அளவோடு தளர்த்துவார். நீர் வற்றிக் கயிறு தொய்ந்தால் மீண்டும் இழுத்துக் கட்டுவார். தளர்த்தாத கயிறு அறுந்தால், சாட்டையாய்த் திரும்பி அருகில் நிற்போரின் உயிரையே பறித்துவிடும். எட்டு வயதில் கட்டிய அதே இறுக்கத்தில் பதினெட்டு வயது மகனைக் கட்டாதீர்கள். தளர்த்துவது வேறு, அவிழ்த்துவிடுவது வேறு.

நபி நூஹ் (அலை) அவர்களின் வரலாற்றை ஹூத் அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. கப்பல் ஓடுவதும் நிலைகொள்வதும் அல்லாஹ்வின் பெயராலேயே என அதன் 41ஆம் வசனம் உணர்த்துகின்றது. நிலைகொள்வதைக் குறிக்க 'முர்ஸா' என்ற சொல் அங்கே வருகின்றது. அடுத்த வசனத்திலேயே, மலைபோன்ற அலைகளின் நடுவே, விலகி நின்ற மகனை அத்தந்தை அழைக்கின்றார். ஏசவில்லை, சபிக்கவில்லை. 'புனைய்ய' என, செல்லமகனை அழைக்கும் சொல்லாலேயே அழைக்கின்றார். மகனோ மலையை நம்பினான். இருவருக்குமிடையே அலை குறுக்கிட்டது.

ஹிதாயத் அல்லாஹ்வின் கரத்திலுள்ளது. அழைப்பது நம் கடமை. பெற்றோரே, அலை குறுக்கிடும் வரை அன்போடு அழையுங்கள். வாலிபர்களே, இன்றிரவு உங்கள் தந்தை உங்களை அழைத்தால், அக்குரலை அலட்சியம் செய்யாதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் இல்லங்களை உறுதியான தளங்களாக்குவாயாக! எங்கள் பிள்ளைகளை உனது கயிற்றோடு பிணைத்து வைப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.